அம்மிக்கல் செய்த பாவம்

வெள்ளிக்கிழமை. காலை ஆறரை மணி மில் சங்கு ஊதியது. அந்தச் சங்குக்கு வேலைக்குப் போகவேண்டியவர்களில் பாதிப் பேர் திருவொற்றியூர்க் கடற்கரையில் ஈரத் துணியோடு வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன்.

அது ரேஷன் காலம். அரிசிக்கு ஒரு வரிசை, சர்க்கரைக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை. நின்று நின்று கால் பழகிப்போன ஜனம். பாவத்துக்கும் ஒரு வரிசை உண்டு என்று யாரோ சொன்னதும் போய் நின்றுவிட்டது.

வரிசையின் முனையில் ஒரு பிளாட்பாரத் தராசு இருந்தது. ரயில்வே ஏலத்தில் எடுத்தது. மூட்டை நிறுக்கும் இரும்புப் பலகை, நிமிர்ந்த தூண், பித்தளைத் தண்டு, தண்டின்மேல் நகரும் குண்டு. தூணுக்கு விபூதிப் பட்டை அடித்து மாலை போட்டிருந்தார்கள். பின்னால் ஓலைக் குடிசை. அதற்குள் தராசு சாமி நிஷ்டையில் இருந்தார்.

முறை எளியது. கடலில் முழுக வேண்டும். கட்டிய துணியோடு, சொட்டச் சொட்ட வந்து பலகையில் ஏற வேண்டும். துணியைப் பிழியக் கூடாது. பிழிந்தால் புண்ணியமும் சேர்ந்து ஒழுகிவிடும். சாமியின் சீடன் அய்யாத்துரை குண்டை நகர்த்தி எடையைச் சொல்வான். அது பாவ எடை. பிறகு பட்டினியாக, வெயிலில், ஓம குண்டத்தைச் சுற்றி வரவேண்டும். உச்சி வேளையில் மறுபடி பலகை. இம்முறை சாமியே வெளியே வருவார். எடை குறைந்திருக்கும். குறைந்த ராத்தல் அத்தனையும் கரைந்த பாவம். அந்த எடைக்கு எடை அரிசி காணிக்கை.

அந்தக் காலத்து ராஜாக்கள் துலாபாரத்தில் தங்கத்துக்கு எதிரே உட்கார்ந்தார்கள். எங்களிடம் தங்கம் இல்லை. ரேஷன் அரிசி இருந்தது. அதையும் சாமி வேண்டாம் என்று சொல்லவில்லை.

எல்லோருக்கும் எடை குறைந்தது. ஒருவர்கூட ஏமாந்து திரும்பவில்லை. ராயபுரத்து மெக்கானிக் பாஸ்கல், சர்ச்சுக்குத் தெரியாமல் வந்து போனான். "ஃபாதர் கிட்ட சொன்னா மன்னிச்சிட்டேன்றாரு. மன்னிச்சாரா இல்லையான்னு நமக்கு எப்டித் தெரியும்? இங்க கண்ணால பாக்கலாம்" என்றான்.

ஆதாரம் வாராவாரம் குவிந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்குப் பாவம் அதிகம் போயிற்று. சாஸ்திரமும் அப்படித்தான் சொல்கிறது என்று ஆண்கள் திருப்திப்பட்டார்கள். மண்டிக்காரர் மனைவி கனத்த பட்டுப்புடவையோடு முழுகி வந்தாள். அவளுக்குப் போன பாவத்தைப்போல் யாருக்கும் போகவில்லை. மண்டியில் அரிசி வாங்குகிற எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். அம்மணமாகத் தூக்கி வந்த கைக்குழந்தைகளுக்கு ஒரு அணுவும் குறையவில்லை. குழந்தைக்கு ஏது பாவம்? மழை நாளில் யாருக்கும் சரியாகப் போகவில்லை. வருண பகவான் தடுக்கிறார் என்றார் சாமி. சித்திரை வெயிலில் பாவம் பறந்தது.

"விஞ்ஞானமும் மெய்ஞ்ஞானமும் கை கோத்துவிட்டன" என்று நான் ஆபீசில் சொன்னேன். வாக்கியம் என் சொந்த வாக்கியம். பலமுறை சொன்னேன்.

என் பெயர் கருணாகரன். துறைமுகக் கூட்ஸ் ஷெட்டில் எடை குமாஸ்தா. உலகத்தில் எதை நம்பினாலும் நம்பாவிட்டாலும் தராசை மட்டும் சோதிக்காமல் நம்பமாட்டேன். இதையும் சோதித்தேன். ஷெட்டிலிருந்து சர்க்கார் முத்திரை போட்ட எடைக்கற்களைக் கொண்டுபோய், கூட்டத்தின் முன்னால், ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தேன். சிறிய கல், பெரிய கல், மூலையில் வைத்து, நடுவில் வைத்து. தராசில் இம்மி பிசகில்லை.

"சுத்தம்" என்று அறிவித்தேன்.

சாமி தன் கழுத்து மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். மறுவாரம் கூட்டம் இரட்டிப்பாயிற்று. "எடை சாரே பாத்துட்டாரு" என்று எண்ணூர்வரை பேச்சு. நெற்றி நிறைய விபூதியோடு ஷெட்டுக்குப் போவேன். மூட்டை தூக்குகிறவர்கள் வழிவிடுவார்கள்.

இதில் என் தங்கை நீலா விழுந்தாள். விழுந்தாள் என்ன, கையைப் பிடித்து அழைத்துப்போனவன் நான்தான்.

நீலாவின் கணவன் எத்திராஜ். என்னோடு அதே ஷெட்டில் குமாஸ்தா. அவனுக்குச் சில மாதமாக இருமல். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சில் காசம் என்றார்கள். டாக்டர் சொன்னது இரண்டே விஷயம். சானடோரியத்தில் படுக்கை காலியானதும் சேர வேண்டும். அதுவரை முட்டை, பால், மீன், சோறு எல்லாம் சாப்பிட்டு உடம்பை ஏற்ற வேண்டும்.

சாமியும் இரண்டு விஷயம் சொன்னார். பாவம் தீராமல் மருந்து பிடிக்காது. பாவம் தீர, எடை இறங்க வேண்டும்.

எத்திராஜ் வாராவாரம் இறங்கிக்கொண்டிருந்தான். உச்சி வேளையில் இறங்கினான் என்றால் எல்லோரும் இறங்கினார்கள். ஆனால் அவன் ஒரு வெள்ளிக்கிழமைக்கும் அடுத்த வெள்ளிக்கிழமைக்கும் இடையிலும் இறங்கினான். அந்தச் சலுகை வேறு யாருக்கும் வாய்க்கவில்லை. "இவன் பாவம் வூட்ல கூட கரையுது" என்று சாமி கூட்டத்துக்குக் காட்டினார். கூட்டம் அவனைத் தொட்டுக் கும்பிட்டது. விலா எலும்பு தெரிய நின்று அவன் இருமினான்.

அந்த வாரம் நோய் லீவில் போகிற எத்திராஜ் ஷெட்டுக்கு வந்து தன் வேலையைப் புது ஆளிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பஞ்சுப் பொதிமேல் உட்கார்ந்திருந்தான். நான் தோல் மண்டி ஏஜெண்டு அமீருதீனோடு சண்டையில் இருந்தேன். பச்சைத் தோல் கட்டுகள். தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது.

"பாய், ஈரத்தக் கழிச்சிதான் எழுதுவேன்."

"இன்னா சாரு, வாராவாரம் பேஜாரு. தராசு காட்டறத எழுதுங்களேன்."

"தராசு தண்ணியையும் சேத்துதான் காட்டும். காய்ஞ்சா எங்க போவும் இந்த எடை? ஆவியாப் போவும். யாரு கிட்ட டபாய்க்கிற?"

அமீருதீன் தலையில் கைவைத்துக்கொண்டான். பொதிமேல் இருந்த எத்திராஜ் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாயிற்று.

"மச்சான், மாட்டுத் தோலுக்கு ஒரு நாயம், மனுசத் தோலுக்கு ஒரு நாயமா?" என்றான்.

காய்ச்சலில் பேசுகிறான் என்று நினைத்தேன். "சர்க்கார் ரூல் மாப்ளே" என்று சொல்லி, விபூதியை வியர்வை அழிக்காமல் ஓரமாகத் துடைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னான். திங்களன்று சானடோரியத்தில் ஒரு படுக்கை காலியாகிறது. அன்று வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அப்புறம் எப்போது என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் கொருக்குப்பேட்டையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் சுவர் அதிரும் வீடு. எத்திராஜ் கயிற்றுக் கட்டிலில் கிடந்தான். பக்கத்தில் ஒரு தம்ளர் கஞ்சித் தண்ணீர்.

"திங்கக்கெழம அனுப்ப மாட்டேண்ணே" என்றாள் நீலா. "இன்னும் பாவம் பாக்கி கீதுன்றாரு சாமி. உப்பு பூத்த சொவுத்துல சுண்ணாம்பு நிக்குமா? அதுமாதிரிதான் மருந்துன்றாரு."

"டாக்டரு முட்டை குடுக்கச் சொன்னாரே?"

"குடுத்தேனே. நடுவுல ஒரு வாரம் பூரா முட்டையும் வவ்வாலு மீனும் குடுத்தேன். வெள்ளிக்கெழம போயி ஏறினா, ரெண்டு ராத்தல் கூடிப் போச்சி. சாமி மூஞ்சத் திருப்பிக்கினாரு. அத்தோட நிறுத்திட்டேன்."

"முட்டை பண்ண பாவம். கோழியப் புடிச்சி நிறுக்கணும்" என்றான் எத்திராஜ்.

"எல்லாத்துக்கும் எகனமொகன பேச்சு. உனுக்குச் சோறு போடாம நான் மட்டும் துன்றனா? ஊட்டு அரிசி பூரா அங்கதான் போவுது."

"அதான்மே சொல்றேன். எனக்கு எடை கொறையுது, சாமிக்கு ஏறுது. ரெண்டு பேரையும் சேத்து நிறுத்தா சரியா இருக்கும்."

நீலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவள் முட்டாள் இல்லை. புருஷன் தேய்வதைத் தினமும் பார்க்கிறவள். தேய்வதெல்லாம் பாவம் என்று ஒருவர் சொல்லிவிட்டார். தராசு சரி என்று இன்னொருவர் சொல்லிவிட்டார். அந்த இன்னொருவர் முக்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

எத்திராஜ் எழுந்து உட்கார்ந்தான்.

"நீலா, ஒரு பந்தயம். பாவமே பண்ணாத ஒண்ண இட்டுகினு போயி நிறுப்போம். எடை கொறையலைன்னா சாமி நெஜம். நான் வாயத் தொறக்காம பட்டினி கெடக்கறேன். கொறைஞ்சிச்சின்னா திங்கக்கெழம நான் ரயிலேறுவேன். நீ தடுக்கக் கூடாது."

நீலா யோசித்தாள். "பாவமே பண்ணாதது இந்த வூட்ல இன்னா கீது?"

மூன்று பேரும் சுற்றிப் பார்த்தோம். அவள் கண் அவன்மேல் பட்டு நகர்ந்தது. என்மேல் பட்டு இன்னும் வேகமாக நகர்ந்தது. கடைசியில் அடுப்படியில் இருந்த அம்மிக்கல்லில் நின்றது.

"சரி" என்றாள்.

அவளைவிட எனக்குத்தான் ஆவல். கல்லைப் பற்றி எனக்குத் தெரியும். கல் வற்றாது, சுருங்காது, ஒரு நாளும் எடை மாறாது. அம்மிக்கல் குறையாமல் நிற்கும். மனிதனுக்கு மட்டும் பாவம் போகிறது என்பது சந்தேகமில்லாமல் நிரூபணமாகும். எனக்கு இன்னொரு மாலை விழும். நானே மாட்டுவண்டி பேசி ஏற்பாடு செய்தேன்.

வெள்ளிக்கிழமை அய்யாத்துரையிடம் விஷயத்தைச் சொன்னபோது அவன் கண் கலங்கிவிட்டது. வஞ்சகம் தெரியாத சீடன். சாமியின் மகிமையைச் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியவன்.

"சாரு, இத்தோட நாத்திகன் வாயெல்லாம் அடைஞ்சிடும். நீங்கதான் சாரு ஆளு."

"சாமியக் கேக்கலாமா?"

"சாமி நிஷ்டைல கீறாரு. உச்சி வேளைக்கு வந்து அவரே பாக்கட்டும். ஆனா சாரு, ரூல் ரூல்தான். கல்லா இருந்தாலும் கடல்ல முங்கி, துணி உடுத்திதான் ஏறணும். பிழியக் கூடாது."

அவனே நீலாவின் பழைய புடவையை வாங்கி அம்மிக்கு இரண்டு சுற்றுச் சுற்றினான். இரண்டு கட்டுமரக்காரர்கள் தூக்கிப்போய் அலையில் முழுக்கினார்கள். சொட்டச் சொட்ட வந்து பலகையில் அமர்ந்தது கல். அய்யாத்துரை எடையைக் கூவினான். பிறகு ஒரு மீன் வண்டியில் ஏற்றி ஓம குண்டத்தைச் சுற்றித் தள்ளினார்கள். சும்மா சொல்லக் கூடாது; பக்தியாகத்தான் இருந்தது. மீன் விற்கிற பவுனம்மாள் வண்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இவள் நீலாவுக்கு எதிர்வீடு. வண்டியும் அவளுடையதுதான்.

எத்திராஜ் ஒரு கட்டுமரத்தின் நிழலில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான். வெயில் ஏறியது. மணல் சுட்டது. புடவையின் சிவப்பு நிறம் மெல்ல வெளுத்து வந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்து, நல்ல சாயம், காய்ந்தால் பளிச்சென்று இருக்கிறது என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

உச்சி வேளையில் கல்லை மறுபடி பலகையில் ஏற்றியதும் சாமி வெளியே வந்தார். நல்ல உடம்பு. கையைத் தூக்கி எல்லோரையும் பொதுவாக ஆசீர்வதித்தார்.

"முதல்ல யாரு?"

"அம்மிக்கல்லு, சாமி" என்றான் அய்யாத்துரை.

சாமியின் கை பாதியில் நின்றது. பலகையைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஆசீர்வாதம் இல்லை.

"எறக்கு அத்த."

ஆனால் அய்யாத்துரையின் விரல் பழக்கப்பட்ட விரல். குண்டு நகர்ந்துவிட்டது. வாயும் பழக்கப்பட்ட வாய்.

"மூணு ராத்தல் பாவம் போச்சி."

"போச்சி, போச்சி" என்றது கூட்டம், வழக்கம்போல. பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று அதற்குத் தெரிந்தது.

சாமி சாமிதான். ஒரு மூச்சு இழுத்துக் கண்ணை மூடினார். திறந்தபோது கண்ணில் நீர்.

"ஜனங்களே, அகலிகை கல்லாக் கெடந்தா. பாதம் பட்டு எழுந்தா. கல்லுக்கு ஏது பாவம்னு கேக்கறான் மூடன். எத்தினி பொண்ணுங்க கல்யாணத்துல அம்மி மிதிச்சிருப்பாங்க? எத்தினி பேரு கண்ணீரு அதுமேல விழுந்திருக்கும்? இன்னைக்கி அதுக்கும் விமோசனம் வந்திச்சி."

கூட்டம் ஒரே மூச்சாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பவுனம்மாள் மணலில் விழுந்து கும்பிட்டாள். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். அகலிகை எனக்கு எப்படித் தோன்றாமல் போனாள் என்று வெட்கப்பட்டேன். கையும் குவிந்துவிட்டது.

நீலா கும்பிடவில்லை. கட்டுமர நிழலில் இருந்த புருஷனைப் பார்த்தாள். இருமி, வாயைத் துண்டில் துடைத்து, ரத்தக் கறை பட்ட துண்டை அவள் பார்க்காமல் மடித்துக்கொண்டான் அவன். அவள் பார்த்துவிட்டாள்.

விறுவிறுவென்று பலகைக்கு வந்தாள். கல்லிலிருந்து புடவையை உருவினாள். அய்யாத்துரை தடுக்கப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்த பார்வையில் ஒதுங்கிக்கொண்டான். கல் அங்கேயே, பலகைமேலேயே இருந்தது. அவள் புடவையை மட்டும் எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனாள். முக்கினாள். திரும்பி வந்து, ஒழுக ஒழுகக் கல்மேல் சுற்றினாள்.

"இப்ப நிறு" என்றாள் அய்யாத்துரையிடம்.

குண்டு நகர்ந்தது. காலையில் நின்ற இடத்துக்கே வந்து நின்றது.

பலகையின் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. எல்லோரும் அந்தச் சொட்டைப் பார்த்தார்கள்.

"கல்லு எங்கியும் போவலை சாமி" என்றாள் நீலா. "உங்க கண்ணு முன்னாலதான் குந்திகினு இருந்துச்சி. அதுக்குள்ள மூணு ராத்தலுக்கு இன்னா பாவம் பண்ணுச்சி?"

சாமி குடிசைப் பக்கம் ஓரடி நகர்ந்தார்.

அய்யாத்துரை தன் தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்து வெறும் கையில் தூக்கிப் பார்த்தான். ஏற்றியும் இறக்கியும் பார்த்தான்.

"சாமி, இத்தினி நாளா நான் ஈரத்தையா கூவிகினு இருந்தேன்?"

கட்டுமர நிழலிலிருந்து எத்திராஜ் என்னைக் கூப்பிட்டான். "மச்சான். ஷெட்டுக்கு ஒரு ஆளு அனுப்பி அமீருதீன் பாயை இட்டாரச் சொல்லு. வந்து பாத்தா சந்தோசப்படுவாரு."

என் சர்வீஸ் முழுக்க நான் கழித்த ஈரம் அத்தனையும் அப்போது என் தலையில் கொட்டியது. உப்பு மூட்டை ஈரம், சணல் ஈரம், தோல் ஈரம். ஒரு பொட்டு ஈரத்துக்கு வியாபாரியின் சட்டையைப் பிடிப்பவன். தராசு காட்டிய எடையிலிருந்து தண்ணீரைக் கழிக்கச் சம்பளம் வாங்குபவன். வெள்ளிக்கிழமை மட்டும் அதே தண்ணீரில் நனைந்து வந்து, அதே மாதிரித் தராசில் ஏறி, காய்ந்ததும் அரிசி கொடுத்தவன். தராசைச் சுற்றிச் சுற்றிச் சோதித்தேன். அதன்மேல் ஏறினதைச் சோதிக்கவில்லை. விபூதியைத் துடைத்தேன். அதுவும் ஈரமாகத்தான் வந்தது.

சாமி நிஷ்டைக்குப் போவதாகச் சொல்லிக் குடிசைக்குள் நுழைந்தார். குடிசைக்குப் பின்வாசல் உண்டு என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. ஓடிப் பார்த்தோம். ஆள் இல்லை. காணிக்கை அரிசி மூட்டைகள் இருந்தன, கள்ளச் சந்தைக்கு வண்டி ஏறத் தைத்துவைத்த வாயோடு. பிரித்து முறத்திலும் மடியிலும் அள்ளினார்கள். கொடுத்ததைவிட அதிகமாக அள்ளியவர்களும் உண்டு. பாவம் எல்லாம் அப்போதுதான் கரைந்த ஜனம்.

திங்கள் காலை வாசலில் ஜட்கா நின்றது. பீச் ஸ்டேஷன்வரை ஜட்கா, அங்கிருந்து சானடோரியத்துக்கு எலக்ட்ரிக் ரயில். நீலா இரண்டு முட்டை அவித்துக் கொடுத்தாள். எத்திராஜ் மெதுவாக, ஒரு பொட்டு விடாமல் தின்றான். நான் அவனைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்தேன். ஒரு எடை குமாஸ்தா இதைச் சொல்வதற்கு மன்னிக்க வேண்டும்; அவன் எடையே இல்லாமல் இருந்தான். நீலா பக்கத்தில் ஏறி, அவனைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

பவுனம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடிவந்தாள். நேராக என்னிடம் வந்தாள்.

"சாரு, காட்டுப்பள்ளில ஒரு அம்மா கீதாம். டாக்டரு வாயில வைக்கிற கண்ணாடிக் குச்சி கீதே, தர்மாமீட்டரு, அத்த வச்சி சாபத்தப் பாக்குதாம். எத்தினி டிகிரி சாபம்னு புட்டுப் புட்டு வைக்குதாம். நீ ஒருதபா வந்து அந்தக் குச்சி சரியா கீதான்னு மட்டும் பாத்துச் சொன்னியானா, நாங்க தெகிரியமாப் போவோம்."

வாஸ்தவத்தைச் சொல்லிவிடுகிறேன். என் சட்டைக் காலரை நான் சரிசெய்துகொண்டேன். என்றைக்குப் போகலாம் என்று கேட்க வாயும் எடுத்தேன்.

ஜட்காவிலிருந்து நீலா தலையை நீட்டினாள்.

"எக்கா, தராசும் சரியாத்தான் இருந்துச்சி. ஈரப் பொடவையோட நின்னது நாமதான். நம்ம ஒடம்புல ஒட்டிகினு இருந்த தண்ணி நமக்கே தெரிஞ்சிருக்கணும், அத்தயும் எங்கண்ணனா வந்து பாத்துச் சொல்லணும்?"